வழிகாட்டி இலக்கணம்

பாயிரம்

பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் ஆசிரியரை வகைப்படுத்தினார், மாணாக்கரை வகைப்படுத்தினார், பாடம் சொல்லும் முறைக்கும் கேட்கும் முறைக்கும் இலக்கணம் சொன்னார். அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று மாணாக்கரில் எட்டு வகை கண்டவருக்கு, அந்த எட்டுப் பேரும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு எதில் சேர வேண்டும் என்று சொல்கிறவரை வகைப்படுத்தத் தோன்றவில்லை. குறை அவருடையதல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அப்படி ஓர் ஆள் தேவைப்படவில்லை. குயவர் மகன் சக்கரத்தின் முன் உட்கார்ந்தான், தச்சர் மகன் உளியை எடுத்தான், மகளை யாரும் கேட்கவில்லை. பிறப்புதான் கவுன்சலிங். ஒரே சுற்று. ஒதுக்கீட்டை மாற்றிக்கொள்ள வசதி கிடையாது.

அந்த முறைக்கு 1953இல் உயிர் கொடுக்கப் பார்த்தார்கள். ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில், மீதி நேரம் வீட்டுத் தொழிலில் இருக்க வேண்டும். எதிர்த்தவர்கள் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். பெயர் நின்றது, திட்டம் நிற்கவில்லை. 1954இல் ராஜாஜி பதவி விலகினார்; பின்னால் வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். இலக்கணக் கண்ணோடு பார்த்தால், வழிகாட்டிகளுக்கு ஒரு ரூபாய்கூடப் பயிற்சிச் செலவில்லாமல் தமிழகம் கண்ட ஒரே தொழில் வழிகாட்டுத் திட்டம் அதுதான். அதே 1954இல் டெல்லியில் மத்தியக் கல்வி அமைச்சகம் கல்வி, தொழில் வழிகாட்டுதலுக்கென்று ஒரு மத்தியப் பணியகம் தொடங்கியது. பிறப்பு விட்ட இடத்தில் அலுவலகம் பிடித்துக்கொண்டது.

இந்நூல் வழிகாட்டியைப் பற்றியது. பிள்ளைகள் என்ன படிக்கலாம் என்பதைப் பற்றியதல்ல. அதைச் சொல்ல டீக்கடை முதல் தொலைக்காட்சி வரை ஆள் இருக்கிறது. ஊருக்கெல்லாம் தொழில் சொல்கிறவர் தன் தொழிலை எப்படி வைத்துக்கொண்டிருக்கிறார், எங்கே கற்கிறார், எப்போது சலிக்கிறார், எத்தனை ஆண்டு தாக்குப்பிடிப்பார் என்பவையே நுதலிய பொருள். நூற்பயன், வழிகாட்டியைத் தேடிப்போகும் பெற்றோர் ஆளைப் பார்த்த ஐந்து நிமிடத்தில் வகை கண்டுகொள்ளுதல்.

முதல்நூல் செய்தார்

இத்துறையின் முதல்நூலாசிரியர் ஃபிராங்க் பார்சன்ஸ். 1908 ஜனவரியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொழில் வழிகாட்டுப் பணியகம் தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பரில் காலமானார். அவருடைய நூல் 1909இல் வெளிவந்தது. சொன்னவை மூன்று: உன்னை அறி, தொழில்களை அறி, இரண்டையும் யோசித்துப் பொருத்து. நூறாண்டு கழிந்தும் நம் வழிகாட்டிக் கையேடுகளின் முதல் அத்தியாயம் இதைத் தாண்டவில்லை. ஆனால் பார்சன்ஸ் என்ன தொழில் செய்தார் என்று பார்க்கப்போனால் தலை சுற்றும். பொறியியல் படித்தார். இரும்பு உருட்டாலையில் கூலி வேலை பார்த்தார். பள்ளியில் பாடம் நடத்தினார். வழக்கறிஞரானார். சட்டக் கல்லூரியில் விரிவுரையாற்றினார். பாஸ்டன் மேயர் தேர்தலில் நின்று தோற்றார். உன்னை அறி என்று ஊருக்குச் சொல்ல இதைவிடப் பெரிய தகுதி வேறென்ன வேண்டும்?

அடுத்தவர் ஜான் ஹாலண்ட். இரண்டாம் உலகப் போரின்போது படையில் சேர வந்தவர்களை நேர்கண்டு குறிப்பெழுதும் வேலை அவருக்கு. வரிசையில் எத்தனை பேர் வந்தாலும் மனிதர்கள் சில வகைதான் என்று அங்கேயே பட்டுவிட்டது. 1959இல் ஆறு வகை என்று எழுதினார். கையால் செய்பவர், ஆராய்பவர், கலைஞர், பிறருக்கு உதவுபவர், ஆளை இழுத்துக் காரியம் நடத்துபவர், கோப்பை ஒழுங்காக வைப்பவர். இன்று பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஆர்வத் தேர்வுகள் பலவற்றுக்கு அடித்தளம் இந்த ஆறுதான். ஏழாவது வகையை அவர் சேர்க்கவில்லை என்பது என் குறை: அப்பா சொன்னதைச் செய்பவர்.

மூன்றாமவர் ஜான் க்ரும்போல்ட்ஸ். எதிர்பாராமல் நேர்வதைப் பயன்படுத்திக்கொள்ளப் பிள்ளைகளைத் தயார்செய்வதே வழிகாட்டியின் வேலை என்று 1999இல் வேறு இருவரோடு சேர்ந்து எழுதினார். பாடம் தேர்ந்தெடுக்க வேண்டிய கடைசி நாளில் டென்னிஸ் பயிற்சியாளரிடம் யோசனை கேட்டு உளவியல் எடுத்தவர் அவர். பயிற்சியாளர் உளவியல் பேராசிரியராகவும் இருந்தார். இந்த மூவரையும் வரிசையாக வைத்துப் பார்க்கிறவருக்கு ஒன்று விளங்கும். வழிகாட்டும் சாத்திரம் செய்தவர்களுக்கே அவரவர் வழி சாத்திரப்படி வாய்க்கவில்லை.

பெயரியல்

உலகத் தொழில்களை எல்லாம் எண்ணிட்டு அடுக்குவது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வேலை. அதன் 2008ஆம் ஆண்டுப் பட்டியலில் வழிகாட்டியைத் தேடினேன். தொழில் ஆலோசகர் 2423 என்ற எண்ணில், ஆள் எடுக்கும் பணியாளர் துறை அதிகாரிகளோடு ஒரே அறையில் இருக்கிறார். மாணவர்களுக்குக் கல்வி ஆலோசனை சொல்பவர் 2359இல். அந்த எண்ணின் பெயர், ‘வேறெங்கும் வகைப்படுத்தப்படாத கற்பித்தல் வல்லுநர்கள்’. நம் நாட்டுத் தேசியத் தொழில் வகைப்பாடும் 2015இல் இந்தப் பட்டியலை ஒட்டியே திருத்தப்பட்டு, ஏறக்குறைய 3600 தொழில்களை அடுக்கி வைத்திருக்கிறது. இத்தனை தொழில்களையும் பிள்ளைகளுக்கு எடுத்துச்சொல்ல வேண்டியவர், தன் சொந்த வகை கேட்டால் ‘இதர’ என்ற கட்டத்தில் டிக் அடிக்க வேண்டியிருக்கிறது. உரிமமும் கிடையாது. முடி வெட்டக் கடை திறந்தால்கூட உள்ளாட்சி அலுவலகத்துக்கு ஒருமுறை போக வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளையின் அடுத்த நாற்பது ஆண்டைப் பற்றிச் சொல்ல ஒரு மேசையும் ஃபிளக்ஸும் போதும்.

செவி வகை

வழிகாட்டிகளைப் படிப்பால் வகுக்கலாம், பணியிடத்தால் வகுக்கலாம், வயதால் வகுக்கலாம். நான் காதால் வகுக்கிறேன். அதற்கு நானே ஒரு நூற்பா செய்துகொண்டேன். யாப்பு தட்டினால் புலவர்கள் பொறுத்தருள்க.

கேளாது சொல்வோர் கேட்டுச் சொல்வோர்
கேட்டுக் கேட்போர் எனமூ வகையே.

உதாரணம் காட்டி விளக்குவோம். மே மாதம், பிளஸ் டூ முடிவு வந்த அடுத்த வாரம். அரசு மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகம். பிப்பெட்டுகளை ஓரம் தள்ளிவிட்டு ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். எதிரே ஓர் அப்பா, கையில் பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்கள். பக்கத்தில் மகள். பொறியியல் கட்-ஆஃப் 200க்கு 172.

“கம்ப்யூட்டர் சயின்ஸ் கெடைக்குமா டீச்சர்?”

முதல் வகையாரிடம் இதற்குப் பதில் தயாராக இருக்கும். “கெடைக்கும், நல்ல காலேஜ்ல கெடைக்காது. ஈசிஈ போடுங்க, அதுலேர்ந்தும் ஐடிக்குப் போகலாம். அடுத்தவங்க வாங்க.” நாற்பது விநாடியில் முடிந்தது. சொன்னது பொய்யல்ல. வந்த பெண்ணைப் பற்றியும் அல்ல.

இரண்டாம் வகையார் கேட்பார்கள்: மார்க் என்ன, எந்தப் பிரிவு, முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கியாச்சா, வருமானச் சான்றிதழ் இருக்கா. கேட்டுவிட்டு, போன ஆண்டுக் கட்-ஆஃப் பட்டியலை வைத்து இருபது கல்லூரிக்கு வரிசை எழுதிக் கொடுப்பார்கள். பெரும்பாலான நல்ல வழிகாட்டிகள் இந்த வகை. நாட்டுக்கு இவர்களால்தான் ஓரளவு வண்டி ஓடுகிறது.

மூன்றாம் வகையார் அப்பாவின் கேள்வியை அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் பெண்ணின் பக்கம் திரும்புவார்கள்.

“நீ என்னம்மா நெனைக்கிற?”

பதில் வராது. இந்த இடத்தில் பொறுமை இழக்காமல் இருப்பதுதான் இந்த வகையின் இலக்கணம். டீச்சர் வேறு பக்கத்திலிருந்து வருகிறார்.

“வீட்டுலேர்ந்து போய்ட்டு வரப் போறியா, ஹாஸ்டலா?”

“ஹாஸ்டல் வேணாம்னு ஆயா சொல்றாங்க.”

“உங்க ஊர்லேர்ந்து மொத பஸ் எத்தன மணிக்கு?”

“ஆறே முக்கால்.”

இந்த ஒரு பதிலில் இருபது கல்லூரிப் பட்டியல் மூன்றாகிவிட்டது. ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்து எட்டரைக்கு வகுப்பில் இருக்க முடிகிற கல்லூரிகள் மூன்றுதான். எந்தக் கணினித் தேர்வும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. இன்னும் கொஞ்சம் பேசிய பிறகு பெண் தலையைக் குனிந்துகொண்டே சொல்கிறது: “அக்ரி படிக்கணும் டீச்சர்.”

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. “நான் வெயில்ல நிக்கறது போதாதா? இதுவும் நிக்கணுமா?”

டீச்சர் அப்பாவை மறுக்கவில்லை, பெண்ணையும் தட்டிக்கொடுக்கவில்லை. “ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளிதானே? அப்ப ஏழரை சதவீத ஒதுக்கீடு அதுக்கும் உண்டு. கெடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். அதுக்கு விண்ணப்பம் தனி, கடைசித் தேதியும் தனி. ரெண்டுக்கும் போடுங்க. நீங்க ரெண்டு பேரும் வீட்டுல பேசிட்டு வியாழக்கிழமை வாங்க.”

நாற்பது நிமிடம் ஆகியிருக்கிறது. வராந்தாவில் பதினேழு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. ஒருவர் ஏற்கெனவே தலைமையாசிரியர் அறைக்குப் புகார் சொல்லக் கிளம்பிவிட்டார். மூன்றாம் வகை ஏன் அரிதாக இருக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அந்த வகையாகப் பிறக்கிறவர்கள்கூட வராந்தாவைப் பார்த்துப் பார்த்து மூன்றே ஆண்டில் முதல் வகைக்கு இறங்கிவிடுகிறார்கள். இறக்கம் தானாக நடக்கும்; ஏற்றத்துக்குக் கைகொடுக்க ஆள் வேண்டும். அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்று பரிந்துரைக்கிறது. அந்த ஆலோசகர் இடையில் வேதியியல் பாடமும் எடுக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை.

ஊதிய வகை

யாரிடம் காசு வாங்குகிறாரோ அந்தப் பக்கம் வழிகாட்டியின் கழுத்து தானாகத் திரும்பும். இது இயற்கை விதி, குற்றச்சாட்டு அல்ல.

பெற்றோரிடம் கட்டணம் வாங்குகிறவர் ஒரு வகை. இதில் தப்பில்லை. வைத்தியரும் வாங்குகிறார். தேர்வு வைத்து, அறிக்கை கொடுத்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் கொடுத்த காசு தகும். பெயரை மட்டும் மாற்றி அச்சடித்த அறிக்கையைக் கொடுத்தால் தகாது. பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் செய்து, உங்கள் பிள்ளை டாக்டர் என்று அச்சடித்துத் தருகிறவர்கள் இதில் ஒரு கிளை. கிளி ஜோசியரிடம் இல்லாத லேமினேஷன் இவர்களிடம் உண்டு. அறிவியல் அடிப்படை இருவரிடமும் இல்லை.

இலவசமாகச் சொல்கிறவர் அடுத்த வகை. கவனிக்க வேண்டியவர் இவர்தான். வாசலில் கன்சல்டன்சி என்ற போர்டு, உள்ளே குளிரூட்டிய அறை, காபி. பெற்றோரிடம் ஒரு பைசா வாங்குவதில்லை. சேர்க்கைக்கு இவ்வளவு என்று கல்லூரி கொடுக்கும். எந்தப் பிள்ளை போய் உட்கார்ந்தாலும், எந்த ஆர்வத்தைச் சொன்னாலும், முடிவில் அதே இரண்டு கல்லூரியின் பெயர்தான் வரும். பவணந்தியார் ஆசிரியர் ஆகாதவர்களுக்குச் சொன்ன நான்கு உவமைகளில் ஒன்று முடத்தெங்கு. வளர்த்தவர் முற்றத்தில் நின்று, வளைந்து, காயை அடுத்தவர் முற்றத்தில் போடும் தென்னை. எழுநூறு ஆண்டுக்கு முன்பே கமிஷன் ஏஜென்டைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருப்பாரோ என்று சந்தேகம்.

மற்ற மூன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். கழற்காய் போட்ட குடத்தைக் கவிழ்த்தால் போட்ட வரிசையில் காய் வராது. நேற்றுப் போன பயிற்சியில் கடைசியாகக் கேட்டது இன்று காலையில் முதலாவதாக வாயில் வருகிறவர் அவர். இந்த ஆண்டு செயற்கை நுண்ணறிவு, போன முறை தரவு அறிவியல், அதற்கு முன்பு ஏரோநாட்டிக்கல். மடற்பனை தானாக உதிர்த்தால்தான் உண்டு, ஏறிப் பறிக்க விடாது. கட்-ஆஃப் விவரங்களை எல்லாம் ஒரு பென்டிரைவில் போட்டுப் பீரோவில் பூட்டி வைத்திருப்பவர். பருத்திக் குண்டிகை, அடைத்த பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்கும். ‘அடுத்த வாரம் வாங்க’ என்பவர்.

அரசுச் சம்பளக்காரரில் இரண்டு உட்பிரிவு. பள்ளியின் வழிகாட்டி ஆசிரியர் ஒருவர். 2022 மார்ச் 1ஆம் தேதி ‘நான் முதல்வன்’ திட்டமும், அதே ஆண்டில் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சியும் வந்த பிறகு இவருக்கு ஒரு முகம் கிடைத்தது. இன்னொருவர், மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் இருக்கிறார். போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித்தர 1945இல் தொடங்கி, 1956 நவம்பர் 1இல் மாநிலங்களின் கைக்கு வந்த அமைப்பு அது. பலகையில் ‘தொழில்நெறி வழிகாட்டும்’ என்ற சொற்கள் பெரிதாகவே இருக்கின்றன. வருகிறவர்கள் பதிவு செய்யவும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வருகிறார்கள். அங்கே நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் சேர்ந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். எனக்கு எந்த வேலை பொருந்தும் என்று கேட்டு ஒருவர் உள்ளே நுழைந்தால் காவலாளியே ஆச்சரியப்படுவார்.

அறிவின் ஆயுள்

தொழில்முறை வளர்ச்சி என்று சொல்வதன் பாதி இங்கே இருக்கிறது. வழிகாட்டியின் அறிவில் சில ஆயுள் முழுக்கத் தாங்கும்: பேச விடுவது, சும்மா இருப்பது, அப்பாவின் கோபத்துக்குப் பின்னால் இருக்கும் கடனைக் கண்டுகொள்வது. சில ஓர் ஆண்டுக்குத்தான் தாங்கும். சில அன்று மாலைக்குள் புளித்துவிடும்.

2016 டிசம்பரில் தூங்கி இன்று காலை எழுந்த ஒரு வழிகாட்டியைக் கற்பனை செய்க. பிளஸ் டூ மார்க்கை வைத்து மருத்துவச் சீட்டு கிடைக்கும் என்று சொல்வார். 2017இல் நீட் வந்துவிட்டது. பொறியியல் கவுன்சலிங்குக்குச் சென்னை கிண்டிக்குப் போக இரவு பஸ்ஸில் டிக்கெட் போடச் சொல்வார். 2018இல் அது ஆன்லைனுக்குப் போய்விட்டது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020இல் மருத்துவத்திலும், 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட படிப்புகளிலும் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். 2022இல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வு வந்ததும், அதே ஆண்டில் புதுமைப்பெண் திட்டத்தில் மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் வரத் தொடங்கியதும், 2024இல் தமிழ்ப் புதல்வன் மூலம் பையன்களுக்கும் அது நீண்டதும் தெரியாது. இவரைக் கற்பனைப் பாத்திரம் என்று நினைக்க வேண்டாம். விழாக்களில் சால்வை போட்டு மேடையில் உட்கார வைக்கிறோம்.

பயிற்சியின் இலக்கணம்

இந்த அறிவை எப்படிப் புதுப்பிக்கிறோம்? பயிற்சியால். மாநிலக் கருத்தாளர்கள் இரண்டு நாள் கேட்டதை மாவட்டக் கருத்தாளர்கள் ஒரு நாளில் கேட்பார்கள். ஒன்றிய அளவில் அது அரை நாள். பள்ளியில் காலை வணக்கக் கூட்டத்தில் பத்து நிமிடம். மேலிருந்து கீழே வரும்போது குறையாமல் வருவது பிபிடி மட்டும்தான். எழுத்துத்தான் சிறுத்துக்கொண்டே போகும்.

பயிற்சி நாளின் உறுப்புகள்: வருகைத்தாளில் கையெழுத்து, நோட்டு, பேனா, தேநீர், வரவேற்புரை, தொடக்கவுரை, தேநீர். மதிய உணவுக்குப் பிறகு ஒரு ‘ஆக்டிவிட்டி’. எல்லோரும் எழுந்து நின்று கை தட்ட வேண்டும். முடிவில் பின்னூட்டப் படிவம். ‘மிகவும் பயனுள்ளதாக இருந்தது’. குழுப் புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால்தான் பயிற்சி நடந்ததாக அர்த்தம். யாராவது தன் மேசைக்கு வந்த ஒரு பிள்ளையின் கதையைச் சொல்லி, நான் இங்கே என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்கும் நேரம் அந்த நிகழ்ச்சி நிரலில் இருப்பதில்லை. சும்மா கிடைக்கும் தகவலுக்காக ஆளைக் கூட்டுகிறோம். ஆள் கூடினால் மட்டுமே கிடைக்கும் விஷயத்துக்கு நேரம் ஒதுக்குவதில்லை.

பிரிட்டனில் தொழில் வழிகாட்டிகளின் பதிவேட்டில் பெயர் நீடிக்க ஆண்டுக்குக் குறைந்தது 25 மணி நேரம் கற்றதாகக் காட்ட வேண்டும். கற்றதைப் பற்றி யோசித்து எழுதியும் வைக்க வேண்டும். நம் ஊருக்கு இது அப்படியே வந்தால் 25 மணி நேரத்துக்கும் வருகைத்தாள் தயாராகிவிடும், அது வேறு விஷயம். ஆனால் உள்ளே இருக்கும் எண்ணம் நமக்குத் தேவையானது. ஒன்றியத்துக்கு ஒன்று என்று மாதம் ஒரு மாலை, ஆறேழு வழிகாட்டி ஆசிரியர்கள், ஆளுக்கு ஒரு பிள்ளையின் கதை, பெயர் சொல்லாமல். மூத்தவர் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பிபிடி கூடாது. செலவு, தேநீரும் வடையும். இதைவிடப் பெரிய பயிற்சியை எந்த மாநில அளவுக் கூட்டமும் கொடுக்க முடியாது என்பது என் தீர்ப்பு.

இன்னொன்றும் உண்டு. வழிகாட்டிகளைப் பின்தொடர்வோர், பின்தொடராதோர் என்று இரண்டாகப் பிரிக்கலாம். இரண்டாம் பிரிவில் ஏறக்குறைய எல்லோரும் அடங்குவதால் முதல் பிரிவுக்கு உதாரணம் தேடுவது கடினம். இத்தனை பேரைக் கல்லூரியில் சேர்த்தோம் என்ற கணக்கு எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. சேர்ந்தவர்களில் யார் முதல் செமஸ்டரோடு நின்றார், யார் அரியரோடு வீட்டில் இருக்கிறார், யார் நம் பேச்சைக் கேட்காமல் போய் நன்றாக இருக்கிறார் என்ற கணக்கு இல்லை. தான் கொடுத்த மருந்து வேலை செய்ததா என்று ஒருநாளும் தெரியாத வைத்தியருக்கு அனுபவம் கூடாது, வயதுதான் கூடும். தீபாவளி விடுமுறையில் ஊருக்கு வந்த பழைய மாணவர்கள் பத்துப் பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டால், அந்த ஆண்டின் பயிற்சி முடிந்தது.

தேய்வு

சலிப்புக்கும் சாத்திரம் உண்டு. நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் தன்னார்வலர்கள் கருகிப் போவதைக் கவனித்து ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974இல் எழுதினார். கிறிஸ்டினா மாஸ்லாக் 1981இல் அதை அளக்க ஒரு கேள்வித்தாள் செய்தார். 2019இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் அதைச் சேர்த்து, ‘இது நோயல்ல, வேலையால் வருவது’ என்று குறிப்பும் எழுதியது. அதாவது மருத்துவ விடுப்பு கேட்காதீர்கள்.

மாஸ்லாக் சொன்ன கூறுகள் மூன்று. நம் ஊரில் அவை நாள்காட்டிப்படி வருகின்றன. மே மாதத்தில் களைப்பு. இரவு பதினொன்றரைக்குக் கைப்பேசி அடிக்கும்: “சார், அப்ளிகேஷன் சப்மிட் பண்ணிட்டேன், மாத்த முடியுமா?” குளியலறையிலும் அடிக்கும். கூடவே எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளத்தில் பதிவேற்றம், மாற்றுச் சான்றிதழ் எழுதும் வேலை, பிளஸ் ஒன் சேர்க்கை.

ஜூலையில் இரண்டாவது கூறு. இதுதான் ஆபத்து, இதுதான் கண்ணுக்குத் தெரியாதது. பிள்ளைகளின் பெயர் மறந்து எண் வாயில் வரத் தொடங்கும். “அந்த 142 வந்தானா?” “முதல் சுற்றுல போட்ட 189 எங்க?” பேசுகிறவருக்குத் தெரியாது. கேட்கிற சக ஆசிரியருக்குத்தான் தெரியும். அவரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார். எண்ணாகிவிட்ட பிள்ளைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். எண்ணுக்கு ஆயா கிடையாது.

செப்டம்பரில் மூன்றாவது. “நாம சொல்லி என்ன சார் ஆகப்போகுது? அவங்க மாமா சொல்றதுதான் நடக்கும்.” இது பல நேரம் உண்மையும்கூட, அதனால்தான் இதற்கு மருந்து கொடுப்பது கஷ்டம்.

இத்தகையோருக்கு யோகா வகுப்பு நடத்துவது வழக்கம். மூச்சை உள்ளே இழுத்து வெளியே விடச் சொல்வார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் வந்த தவறிய அழைப்புகள் பன்னிரண்டு. மூச்சைப் பற்றி எனக்குக் குறையில்லை. ஆனால் வேலையால் வருவது என்று உலக சுகாதார நிறுவனமே சொன்ன பிறகு, வேலையை விட்டுவிட்டு மூக்கைத் திருத்துவது எந்தச் சாத்திரம்?

வழிகாட்டுதல் மே மாதத்து வேலை என்று வைத்திருப்பதுதான் முதல் பிழை. ஒன்பதாம் வகுப்பில் தொடங்கி வாரம் ஒரு பீரியட் என்று பரப்பினால், மே மாதத்து வராந்தாவில் பதினேழு குடும்பத்துக்குப் பதில் ஐந்து குடும்பம் உட்காரும். மற்றவர்கள் பிளஸ் ஒன் சேர்வதற்கு முன்பே, எந்த குரூப் எடுத்தால் எந்தக் கதவு மூடும் என்று தெரிந்தே வந்திருப்பார்கள். அக்ரி என்ற சொல்லை அந்தப் பெண் பத்தாம் வகுப்பில் சொல்லியிருந்தால், அப்பாவுக்கு வெயிலைப் பற்றி யோசிக்க இரண்டு ஆண்டு கிடைத்திருக்கும்.

மறுக்கத் தெரிவதும் தொழிலைக் காக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி அடுத்தவரிடம் அனுப்புவது. மனம் உடைந்து வந்த பிள்ளையிடம் கட்-ஆஃப் பேசாமல் 104 உதவி எண்ணிலோ உளவியலாளரிடமோ சேர்ப்பது. தன் பிள்ளைக்குச் சொல்லாத கல்லூரியை ஊரார் பிள்ளைக்குச் சொல்ல மறுப்பது. கடைசி மறுப்புக்கு நிர்வாகத்தில் கெட்ட பெயர் வரும். வரட்டும்.

புறனடை

இங்கே சொல்லாத வகைகளும் உண்டு. பஸ் நடத்துநர், முடிதிருத்துநர், பக்கத்து வீட்டு ஐடி பையன், குடும்பத்தில் முதன்முதலாகச் சென்னைக்குப் போன மாமா ஆகியோர் சம்பளமும் பயிற்சியும் இல்லாமல் இத்தொழிலை நடத்திவருகிறார்கள். இவர்களுக்கு இலக்கணம் செய்வது என் சக்திக்கு அப்பாற்பட்டது.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: உங்கள் பள்ளி வழிகாட்டி ஆசிரியருக்கு எமிஸ் வேலையில் பாதியை வேறொருவருக்கு மாற்றிக் கொடுங்கள்; வாரம் ஒரு பீரியடை அவரிடமிருந்து பறிக்காதீர்கள். பெற்றோருக்கும் ஒன்று. முடிவு வெளியாகும் வாரத்தில் இரவு ஒன்பது மணிக்கு மேல் அவரை அழைக்க வேண்டாம். முதல் சுற்றுக்கு விருப்பப் பட்டியல் கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது, காலையில் பேசலாம். அப்போது உங்கள் மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.